விண்ணின் சாவியை விட்டுக்கொடாத ஸுமைரா மக்கீன் அவர்களுக்கு

மடவளை மண் தந்த மதிநுட்பமே! மறுத்தாலும் மனம் நோகச் செய்யாத மாண்பே! கண்டி மலைமேல் எங்கள் செய்மதித் தரைநிலையத்தைக் கண்ணெனக் காத்த காவலே! தகவல் பாதுகாப்புப் பொறுப்பதிகாரி ஜனாபா ஸுமைரா மக்கீன் அவர்களே!

சேவை நிறைவுறும் இந்நாளில் தங்களைப் புகழ முனைந்தால், செந்தமிழ்ச் சொற்களை முந்திக்கொண்டு தங்கள் குரலே காதில் விழுகிறது. "எந்நேரமும் எதையாவது பூட்டுற மனிசி" என்று முன்பு முணுமுணுத்தவர்கள்தாம் இன்று முன்வரிசையில் அமர்ந்து பலமாகக் கைதட்டுகிறார்கள்!

நட்பு நாட்டு நிறுவனமொன்று நம்மோடு சேர்ந்து புதிய செய்மதி செய்ய முன்வந்ததே, அதை யார் மறப்பார்? விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கேட்டார்கள், மகிழ்ந்து கொடுத்தீர்கள். பறந்துகொண்டிருக்கும் நம் செய்மதிக்குக் கட்டளையிடும் இரகசியக் குறியீட்டையும் கேட்டார்கள், மறுத்தீர்கள். வந்த வாய்ப்பு வாசலோடு திரும்பிவிடுமோ என்று நிலையமே கலங்கியது. நாவலப்பிட்டியைச் சேர்ந்த நம் பொறியியலாளர் திவாகரன் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்:

"என்னங்க மேடம், கூட்டாளி மேலேயே சந்தேகமா? இப்படிப் பூட்டி வச்சா நம்மகிட்ட யாரு வருவாங்க?"

"கூட்டாளி நல்லவர்தான் மகன். அவர்ட கம்பனிக்குச் சாமான் குடுக்கிறவன்ட ஊட்டுக் கதவு பூட்டியிருக்கா எண்டு ஆரு பாக்கிற? களவன் அதால பூந்து நம்மட செய்மதியத் திருப்பினா, நீங்களா ஏணி வச்சி ஏறிப் பிடிக்கிற?"

"சரிங்க, அத அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

"சொல்லவேணாம். சாப்பிடக் கூப்பிடுவம்."

தங்கள் இல்லத்தில் விருந்து. ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாடு. அந்நிறுவனத்திலிருந்து வந்த, வழக்கம் அறியாத வெளிநாட்டு விருந்தாளி, திவாகரன் முன்னிருந்த கோழித் துண்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயையோ, அது என் பக்கமுங்க!" என்று திவாகரன் அலற, சிரிப்பு அலையலையாய் எழுந்தது.

விருந்தாளி கையை இழுத்துக்கொண்டார். தாங்களோ அந்தத் துண்டையே எடுத்து அவர் பக்கம் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "சோறு எல்லாருக்கும் ஒண்டுதான். கேட்டா எடுத்துத் தருவம். ஆனா அடுத்தவர்ட பக்கத்தில ஆரும் கை போடுறல்ல. எங்கட செய்மதியும் அப்பிடித்தான்."

திவாகரன் அதை மொழிபெயர்த்தார். பாதியிலேயே தங்கள் மறுப்பின் பொருள் திவாகரனுக்கும் விளங்கிவிட்டது! விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தார். தரவுகள் பொது, கட்டளை அவரவர்க்கு என்று ஒப்பந்தம் உருவானது. கூட்டாகச் செய்த செய்மதி இன்று வானில் வலம்வருகிறது. நட்பும் குன்றவில்லை, காவலும் குலையவில்லை!

தாங்கள் பொறுப்பைத் திவாகரனிடம் ஒப்படைத்த பின் நேற்று நடந்ததையும் இங்கே சொல்லாமல் விடமாட்டோம்.

"மகன், கடைசியா ஒருக்கா நானே கட்டளை அனுப்பட்டா? அந்தப் புதுக் குறியீட்டச் சொல்லுங்களே."

எழுந்து நின்றார் திவாகரன். சொல் தடுமாறவில்லை.

"மன்னிச்சுக்குங்க மேடம். உங்க அனுமதி முடிஞ்சிருச்சுங்க. உங்களுக்கும் குடுக்க முடியாது."

அதைக் கேட்டுத் தாங்கள் கைகொட்டிச் சிரித்த சிரிப்பு கட்டுகஸ்தோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்!

"அல்ஹம்துலில்லாஹ்! இனி நான் நிம்மதியா ஊட்டுக்குப் போறன்."

அந்த நிம்மதி தங்களோடு நெடுங்காலம் குடியிருக்கட்டும்! நோயணுகா உடலும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த பொழுதுகளும், இறைவன் அருளும் குறைவறக் கிட்டட்டும்!

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
தரைநிலைய ஊழியர் குடும்பம், கண்டி
(எழுத்து: இ. சுப்பம்மா, மொழிபெயர்ப்புப் பிரிவு)