மணல்திட்டில் இரண்டு ஓட்டு

தெல்மா: ...அப்ப தண்ணி வர்ற வரைக்கும் இங்கயேதானா?

ஹெட்லி: இங்கயேதான். படகு தரை தட்டிடுச்சு. நான் என்ன பண்ண?

தெல்மா: இருபது வருஷமா இந்த டீஸ் ஆத்து முகத்துவாரத்துல தூண்டில் போடுறே. மணல்திட்டு எங்க இருக்குன்னு தெரியாதா அண்ணே உனக்கு?

ஹெட்லி: திட்டு நகரும் தெல்மா. தூக்கத்துல நாம புரண்டு படுக்கிறோமே, அந்த மாதிரி.

தெல்மா: மணி என்ன?

ஹெட்லி: ஏழரை இருக்கும். வெளிச்சத்தைப் பாரு... ஜூன் மாசத்துல சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வராது.

தெல்மா: ஓட்டுச் சாவடி பத்து மணிக்கு மூடிடும்.

ஹெட்லி: அது நமக்கெதுக்கு? அங்க பாரு, கடல்நாய்ங்க. அஞ்சு... இல்ல, ஆறு. நம்மளையே பாக்குது.

தெல்மா: ஓட்டுக் கேட்டு வந்திருக்கும்.

ஹெட்லி: எந்தக் கட்சி?

தெல்மா: பாத்தாலே தெரியல? நாள் பூரா மணல்ல படுத்துக்கிட்டு, தொந்தியைத் தடவிக்கிட்டு... உன் கட்சிதான்.

ஹெட்லி: வாய் மட்டும் குறையல. சாண்ட்விச்சைச் சாப்பிடு. பட்டாணி மசியல் தடவிக் கொண்டாந்திருக்கேன்.

தெல்மா: பேச்சை மாத்தாதே. நான் சொன்னதை யோசிச்சியா?

ஹெட்லி: கை குடுத்து ஒப்பந்தம் போட்டோம் தெல்மா. நீ தொழிலாளிங்க கட்சி, சிவப்பு. நான் முதலாளிங்க கட்சி, நீலம். உன் ஓட்டு ஒண்ணு, என் ஓட்டு ஒண்ணு, கழிச்சா சைபர். எதுக்கு ரெண்டு பேரும் வரிசையில நின்னு கால் வலிக்கணும்? தேர்தல் அன்னிக்கு மீன் பிடிக்கலாம். நாலு தேர்தலா ஒழுங்காத்தானே நடந்துச்சு?

தெல்மா: நாலு தேர்தல்லயும் எங்க இரும்பாலை உலை எரிஞ்சுது. இப்ப...

ஹெட்லி: இப்பவும் எரியுதே. புகையைப் பாரு. ரோஜாப்பூ நிறம். கனவுல வர்ற ஊர் மாதிரி இருக்கு.

தெல்மா: இங்கேருந்து பாத்தா ரோஜாப்பூதான். உள்ள கேன்டீன்ல நின்னு பாரு. உலையை மூடினா எங்க கேன்டீனையும் மூடிடுவாங்க. நான் இருநூறு பேர் தட்டு கழுவின கையைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும். ஐம்பத்திரண்டு வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்? எங்க ஆள் ஜெயிச்சா மூட விடமாட்டேன்னு சொல்லியிருக்கான். போன தடவை இருபத்திமூணு ஓட்டுலதான் தோத்தான்.

ஹெட்லி: தேர்தல்ல நிக்கிறவன் எல்லாத்தையும்தான் சொல்லுவான்.

தெல்மா: இந்த ஒரு தடவை எனக்காக விட்டுக்குடேன். நான் மட்டும் போடுறேன்.

ஹெட்லி: ஒப்பந்தம்னா ஒப்பந்தம்.

தெல்மா: சரி, அப்ப நீயும் வந்து போடு. ரெண்டு பேரும் போட்டாலும் சைபர்தானே?

ஹெட்லி: டீ ஆறிடும். குடி.

தெல்மா: போடலேன்னாலும் சைபர், போட்டாலும் சைபர். அப்புறம் ஏன் என்னைப் போக விடமாட்டேங்கிறே? வேணும்னே இங்க கொண்டாந்து ஏத்தினியா?

ஹெட்லி: ...காலையிலேருந்து திட்டு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே இருந்தேன்.

தெல்மா: அடப்பாவி!

ஹெட்லி: கத்தாதே, கடல்நாய் பயப்படும்.

தெல்மா: பயப்படட்டும்! எதுக்குய்யா இப்படிப் பண்ணினே?

ஹெட்லி: நான் நீலத்துக்குப் போட்டதே இல்ல தெல்மா.

தெல்மா: தெரியுமே. நாமதான் போறதே இல்லையே.

ஹெட்லி: போயிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். பதினாறு வயசுல அந்த உலையில கரி அள்ளின கை இது. நீலத்துக்குப் பக்கத்துல கொண்டு போனா மரத்துப் போயிடும்.

தெல்மா: உன் கடை ஜன்னல்ல நீல நோட்டீஸ் ஒட்டியிருக்கே!

ஹெட்லி: என்கிட்ட கம்பளம் வாங்குறவங்கல்லாம் மேட்டுத் தெருப் பணக்காரங்க, நீலக்காரங்க. ஜன்னலைப் பாத்துட்டுத்தான் கடைக்குள்ள வருவாங்க.

தெல்மா: நீலக்காரங்க வித்த கவுன்சில் வாடகை வீட்டை விலைக்கு வாங்கி, தெருவுல எல்லாக் கதவும் பச்சையா இருக்க, நீ மட்டும் மஞ்சள் அடிச்சியே... அப்பவுமா நீ நீலம் இல்ல?

ஹெட்லி: அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. கதவு அவ்வளவு அழகா இருந்துச்சு. வெக்கமாவும் இருந்துச்சு.

தெல்மா: அப்ப... கழிக்க ஒண்ணுமே இல்லையா? நாலு தேர்தலா என் ஓட்டு சும்மாவா போச்சு? இருபத்திமூணு ஓட்டு அண்ணே...

ஹெட்லி: நாம ரெண்டு பேரும் போட்டிருந்தா இருபத்தொண்ணு. தினமும் நினைச்சுப் பாப்பேன்.

தெல்மா: அப்ப சிவப்புக்கே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

ஹெட்லி: அதுக்கும் கை வரல. வரியை ஏத்துவாங்க, வட்டி ஏறும், கடை வேன் போயிடும், வீடு போயிடும்னு ஒரு குரல் காதுலயே இருக்கும். தனியா வீட்டுல உக்காந்திருந்தா நான் கோழைன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும். உன்னையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டேன். அதுக்கு ஒப்பந்தம்னு பேர் வெச்சேன்.

தெல்மா: உன்னைத் தூக்கித் தண்ணியில போடணும்.

ஹெட்லி: போடு. முழங்கால் அளவுதான் இருக்கு.

தெல்மா: சிரிக்காதே... எனக்கும் சிரிப்பு வருது. சனியனே.

ஹெட்லி: தெல்மா... படகு ஆடுது.

தெல்மா: ஆமா. ஆடுது. கடல் தண்ணி ஏறுது!

ஹெட்லி: எவ்வளவு மெதுவா தூக்குது பாரு... தூங்குற குழந்தையை எடுத்துத் தோள்ல போடுற மாதிரி.

தெல்மா: மணி?

ஹெட்லி: எட்டு அம்பது.

தெல்மா: துடுப்பைக் குடு. இறங்குதுறைக்கு அரை மணி. அங்கேருந்து ஓட்டுப் போடுற சர்ச் ஹாலுக்குப் பத்து நிமிஷம். நேரம் இருக்கு அண்ணே! நீயும் வா. சிவப்புக்கு ரெண்டு ஓட்டு, ஒண்ணில்ல, ரெண்டு! வாசல்ல யார் யார் ஓட்டுப் போட்டாங்கன்னு நம்பர் குறிச்சுக்கிற கட்சிக்காரங்க உன்னைப் பாத்ததும் பென்சிலைக் கீழ போட்டுடுவாங்க.

ஹெட்லி: வர்றேன். ஆனா ஒண்ணு...

தெல்மா: என்ன?

ஹெட்லி: கை மரத்துப் போகும்னு சொன்னேனே, அது பழைய கதை. வீடு வாங்கின பிறகு நீலத்துக்கிட்ட கை மரக்கிறது கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு தெல்மா. நீ போனா நானும் பின்னாலயே வந்துடுவேன், இந்தத் தடவை உள்ள போனா நிஜமாவே நீலத்துக்குப் போட்டுடுவேனோன்னுதான் உன்னை இங்க கொண்டாந்தேன். உன் ஓட்டைக் கழிக்கிறது நானா இருக்கக் கூடாதுன்னு... இப்பவும் எனக்குத் தெரியல. என்னை இந்தப் படகுலயே விட்டுட்டு, நீ மட்டும் போயிட்டு வர்றியா?