ரெண்டு பேருக்கு ஒரு சீசன்

பிரபு: ...மெதுவா மச்சி, கட்டையை அந்தப் படியில ஊனு.

சேட்டு: எட்டு மாசமா ஒத்தக் கால்ல நிக்கிறேன். நீ கத்துக்குடுக்க வந்துட்டியா? குந்து.

பொன்மணி: ரெண்டு பேரும் இங்கியே இருங்க. வக்கீலம்மா பூஜையில கீறாங்களாம். அண்ணே, உன்னை நம்பித்தான் மயிலாப்பூர் வரைக்கும் இஸ்துக்கினு வந்தேன். ரயில்லேர்ந்து தவறி வுழுந்தா ரயில்வே நஷ்டஈடு குடுத்தே ஆவணும்னு புதுசா சட்டம் வந்துகீதாம். ஆனா வுழுந்தவன் டிக்கெட்டோட போயிருக்கணுமாம். எங்க ஊட்டுக்காரரு சீசன் டிக்கெட்டு எந்தத் தண்டவாளத்துல போச்சோ... நீ தினம் கூடப் போனவன். "இவன்கிட்ட சீசன் இருந்துது"ன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்.

பிரபு: சொல்றேன் தங்கச்சி.

பொன்மணி: நாளிக்குக் கேஸு. ஜெயிச்சா ஒரு டெலிபோன் பூத்து வெச்சுடுவேன். குந்துன எடத்துல பொழைக்கும் இந்த ஆளு. நான் உள்ள போயி நிக்கிறேன்.

சேட்டு: பூத்துக்குப் பேரு கூட வெச்சுட்டா, பாத்தியா...

பிரபு: மச்சி... அன்னிக்கு நான் பஸ்ல பூட்டேன்னு போலீஸ்ல சொன்னேன்ல...

சேட்டு: அத்த வுடு.

பிரபு: பஸ் இல்லடா...

சேட்டு: எனக்குத் தெரியாதா? உன் கையிலதானே நீட்டினேன்.

பிரபு: எட்டு மாசமா ஒரு வார்த்த கேக்கலியே நீ!

சேட்டு: இன்னான்னு கேக்கறது...

பிரபு: உன் பேர்ல ஒரு சீசன், ரெண்டு ஆளு. அந்த அழுக்குப் போட்டோல கீறது நீயா நானான்னு எங்கம்மாவுக்கே தெரியாது. சைதாப்பேட்டையில ஏறுவோம். மாம்பலத்துல நான் எறங்குவேன். வண்டி நகர்ந்ததும் வாசல்லேர்ந்து சீசனை நீட்டுவே.

சேட்டு: நான் எறங்குற எடத்துலதான் செவுத்துல சந்து கீதே, செக்கர் கண்ணுல படாம பூடலாம்.

பிரபு: ரெண்டு வருசம்டா. ஒரு நாள் தப்பல. அன்னிக்குத்தான்... வெடுக்குனு இழுத்துட்டேன். அந்த இழுப்புலதான் நீ...

சேட்டு: டேய், மெல்ல பேசு.

பிரபு: இன்னும் கேளு. ஸ்டேஷன் கேட்டுல செக்கர் டிக்கெட்டை ஒவ்வொண்ணா கையில வாங்கிப் பாத்துக்கினு இருந்தான். நீ வுழுந்ததும் எல்லாரும் தண்டவாளத்துக்கு ஓடுறாங்கோ, அவனும் ஓடுறான். நான்... உன் சீசனைத் தூக்கிக் காமிச்சுக்கினு வெளிய பூட்டேன். கேட்டுல ஆளே இல்ல மச்சி. ஆனாலும் காமிச்சேன்!

சேட்டு: ஆளே இல்லாத கேட்டுலயா...

பிரபு: காறித் துப்புடா.

சேட்டு: வாய் காஞ்சு கீது.

பிரபு: இந்தா. அன்னிக்கே கவர்ல போட்டு ஒட்டினது. ஒரு தபா கூடப் பிரிக்கல... பிரிச்சா அந்தப் போட்டோ என்னியப் பாக்கும். வக்கீலம்மா கையில குடுத்துட்டு எல்லாத்தையும் சொல்லிடறேன். புடிச்சு உள்ள போட்டாலும் சரி.

சேட்டு: குடுக்காத. ஊட்டுக்குப் போறப்ப ஆத்துல போட்டுடு.

பிரபு: பைத்தியமா உனக்கு? இது இருந்தாதான்டா கேஸு!

சேட்டு: வாணாம்னா வாணாம். பிரிக்காத... உன் கால்ல வுழலாம்னாலும் எனக்கு ஒத்தக் கால்தான் கீது. பிரிக்காத மச்சி.

பிரபு: கையை எடு... இன்னாடா இது? சீசன் பன்னெண்டாந்தேதியோட முடிஞ்சு பூச்சே. நீ வுழுந்தது பதினஞ்சு... பாதிக் காசு முன்னாடியே குடுத்தேனே!

சேட்டு: குடுத்தே.

பொன்மணி: அம்மா கூப்புடறாங்க, வாங்... அண்ணே, இன்னாது கையில? சீசனா? ஐயோ, கெடச்சுடுச்சா! அம்மா! வக்கீலம்மா! சீசன் கெடச்சுடுச்சு!

பிரபு: இல்ல தங்கச்சி... இது... என்னுது. பழசு.

பொன்மணி: உன்னுதா? போட்டோல கீற எங்க ஊட்டுக்காரரு மூஞ்சி எனக்குத் தெரியாதா?

சேட்டு: என்னுதுதான் பொன்மணி. செத்துப்போன சீசன். புதுசு எடுக்க இவன் குடுத்ததையும் நீ குடுத்ததையும் சேத்துக் குடிச்சுட்டேன். நீ மொத தபா இங்க இஸ்துக்கினு வந்தப்பவே சொல்லியிருக்கணும்... வாய் வரல. டேய் பிரபு, நீ ஒண்ணும் என்னிய இழுக்கலடா. உன் கையில குடுத்தப்புறந்தான் அந்தச் செக்கரைப் பாத்தேன். செத்த சீசனோட நீ மாட்டிக்குவியேன்னு... திருப்பிப் புடுங்கத்தான் குனிஞ்சேன்.