அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓட்டுவது தொல்லை பிடித்த வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். கொஞ்சம் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அதுதான் தொழில். பட்டுப்புடவைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆனால் ஆரணிக் கடைக்காரர்களின் இணையதளத்தை நடத்தவும் டிசைன்களைச் சேர்த்துவைக்கவும் லினக்ஸ்தான் தோது. தனித்தனியாகக் கம்ப்யூட்டர் போட சேவூரில் எங்கள் வீட்டில் இடமில்லை. அதனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று லினக்ஸ். வெளியே இருந்து பார்த்தால் மேஜைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே மூன்று இயந்திரங்கள், ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது.

அவை விழாமல் பார்த்துக்கொள்ள சில வழிகள் உண்டு. நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது விண்டோஸுக்கு ஒரு பங்கை நிறுத்திவைக்க வேண்டும். பேராசைப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எல்லாமே திணறும். கம்ப்யூட்டரைத் தூங்கவிடக் கூடாது. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிற நேரத்துக்குள் ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்த வேண்டும். சட்டென்று பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெட்டுப்போகும். இதில் எதுவும் கடினமில்லை. அதே வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுதான் கடினம்.

என் வீட்டுக்காரர் அருள்மணி நல்ல மனிதர். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். செய்யார் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சட்டையையே கழற்றுவார். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. ஆனால் அவருக்குப் பெட்டி என்றால் பெட்டி, பிளக் என்றால் பிளக்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் கரண்ட் போனது. நான் மார்க்கெட்டில் இருந்தேன். திரும்பி வந்தால், யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனைச் சொருகி, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

“புழுக்கம் தாங்கல அகல்யா. அஞ்சு நிமிசம்தான்” என்றார்.

கரண்ட் வந்ததும் ஒயரைச் சொருகினேன். மூன்றையும் திரும்ப எழுப்பினேன். டிசைன் இருந்த இயந்திரம் எழவில்லை. முந்தைய நகலை வைத்து அதைச் சரிசெய்ய ராத்திரி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் அவரைக் கூப்பிட்டு, அந்த ஒயரைத் தொடவே கூடாது என்று சொன்னேன். அவர் வாசற்படியில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, “தெரியாம பண்ட்டேன்” என்றார். நான் கதவைச் சாத்தினேன். இடுக்கில் அவர் விரல்கள் இருந்தது எனக்குத் தெரியும். திறந்து, இன்னொரு முறை சாத்தினேன். முதல் முறை அவர் கவனம் விரலில் இருந்ததே தவிர, நான் சொன்னதில் இல்லை.

கம்பெனியில், ஷட்டரில் மாட்டிக்கொண்டது என்று அவராகவே சொல்லிவிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது மழைக்காலத்தில். பெரிய இடி இடித்தது. அவர் ஓடிப்போய்ப் பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டார். அப்போது நான் அவருடைய யூனிஃபாமுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

“இடி எறங்கினா உன் பொருளு வெந்துடுமேன்னு பயந்துட்டேம்மா” என்றார்.

அவர் அக்கறையில்தான் செய்தார். அது எனக்குப் புரிந்தது. இஸ்திரிப் பெட்டியை அவர் முன்கையில் வைத்தேன். ஒரு காலருக்கு வைக்கிற நேரம்கூட இருக்காது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மருந்து நான்தான் வாங்கிவந்து போட்டேன். தினமும் போட்டேன்.

தீபாவளிக்கு வந்தவாசியிலிருந்து அவருடைய அக்கா தமிழ்ச்செல்வி வந்தாள். சட்டைக் கைக்குக் கீழே தெரிந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“இன்னாடா இது கையில?”

“சைலன்சர் சுட்டுச்சிக்கா.”

“கம்பெனி பஸ்ல போறவனுக்கு ஏதுடா சைலன்சரு?”

அவர் சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குக் காபி வைத்தேன். பிறகு சமையலறையில் இருந்தபோது அவள் மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது.

“எங்கூட வந்து கொஞ்ச நாளு இருடா. நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்.”

“நான் வந்துட்டா அவ தனியா இருந்துகினு பேஜார்படுவாக்கா” என்றார்.

அவருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை. துடைப்பத்தைக்கூட வாசலோடு நிறுத்திக்கொள்வார். கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. முகூர்த்தங்கள் நெருங்கி வந்த தை மாதத்தில் ஒரு கடைக்காரருக்குப் புது டிசைன் காட்ட நான் ஆரணி டவுனுக்குப் போயிருந்தேன். தனசேகரன் என்று பெயர், பெரிய கடை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

“இன்னாம்மா, நம்ம சைட்டு தெறக்க மாட்டேங்குது? துபாய்ல கஸ்டமர் லைன்ல இருக்காரு.”

நான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் நிதானமாகத்தான் ஓட்டினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் அந்த அறைக்குள், மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரை கறுப்பாக இருந்தது.

“நான் தொடல அகல்யா” என்றார். “உஸ்ஸுன்னு சத்தம் நின்னுச்சி. இன்னான்னு பாக்கத்தான் வந்தேன். சத்தியமா தொடல.”

அலமாரியில் பழைய ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. இரும்புப் பெட்டி. பழைய இரும்புக்குப் போட எடுத்துவைத்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் அடித்தேன். அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. மேஜைப் பக்கம் சாயாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பி விழுந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அது நினைவிருந்தது.

அப்போது திரை தானாக ஒளிர்ந்தது. நீல நிறம். நடுவில் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

அந்த அப்டேட்டை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் பிறகு, பிறகு என்று தள்ளிவிட்டிருந்தேன். அப்படித் தள்ளிக்கொண்டே போனால் ஒரு நாள் அது யாரையும் கேட்காமல் அணைந்து எழும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவருக்கு உயிர் இருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. “தண்ணி” என்றார்.

“இருங்க” என்றேன். “இப்ப வந்துடும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்டேட் முடிந்ததும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். ஒன்று முழுதாக எழுந்து நிற்கும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. மூன்றும் ஒரே சமயத்தில் எழுந்தால் ஹார்டு டிஸ்க்குக்காக அடித்துக்கொள்ளும். ஒரு கோப்புகூடக் கெடவில்லை. தனசேகரனுக்குப் போன் செய்து, சைட் வந்துவிட்டது என்றேன். “சந்தோசம்மா” என்றார்.

பிறகுதான் தண்ணீர் எடுத்துவந்தேன். அவர் தலையை என் மடியில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் உள்ளே போனது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வலிகூட இல்லை.

“நான் தொடலல்ல?” என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பிழைத்திருந்தால் அந்தக் கேள்வியோடு அல்லவா இருந்திருப்பார்? டீ கொண்டுவந்து வைக்கும்போது, ஷிப்டுக்குக் கிளம்பும்போது, வாயைத் திறந்து கேட்கவே மாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். அவர் தலையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். ஸ்டெபிலைசரை எடுத்தேன். முதல் அடி ஆத்திரத்தில் விழுந்தது என்று எழுதுகிறீர்கள், அது உங்கள் இஷ்டம். அடுத்த அடிகள் ஆத்திரத்தில் விழவில்லை. அவர் முகம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்தேன்.

தமிழ்ச்செல்வி வெளியே உட்கார்ந்து ஏதேதோ சொல்லி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் தூரத்தில் இருந்தவள், அவளுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடம். எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை என்று வந்ததே இல்லை.