பின்தொடைப் பங்கு

— இன்னும் ஒரே ஒரு தடவை, ஷார்ஷென் அண்ணே. இந்தத் தடவை காத்து இழுத்துடுச்சு.

— காத்தா? அந்தக் கொடியப் பாரு, குபாத். அசையவே இல்ல.

— அப்போ தொலைநோக்கி லூசா இருக்கும். புதுத் துப்பாக்கின்னா அப்படித்தான், பாத்துக்கோங்க.

— இதே மணல்மூட்டை மேல வச்சு நான் மூணு குண்டு போட்டேன். மூணு ஓட்டையையும் ஒரு சோம் காசால மூடிடலாம். நீ போட்டதுல ஒண்ணு அட்டை மூலையில. மத்த ரெண்டும் எந்த மலைக்குப் போச்சோ!

— தோட்டா சரியில்லையோ...

— அதே பெட்டித் தோட்டாதான், சகலை. துப்பாக்கி தங்கமாட்டம் இருக்கு. நீதான் விசையத் தொட்டதும் கண்ண மூடிக்கிற.

— சத்தியமா மூடல.

— ரெண்டையும் மூடுற. ஊசி போடக் கொண்டுபோன கொழந்தையாட்டம்.

— சிரிக்காதீங்க அண்ணே. பத்து மந்தைக்காரங்க ஆளுக்கு ஒரு ஆட்ட வித்து வாங்கிக் கொடுத்த துப்பாக்கி இது. ஓநாய் வாரத்துக்கு நாலு ஆட்டத் தூக்குது. நாளைக்குக் குபாத் வருவான், பாத்துக்குவான்னு மேய்ச்சல் மலையில எல்லாரும் உக்காந்திருக்காங்க.

— இருக்க மாட்டாங்களா? போன பனிக்காலத்துல அவ்ளோ பெரிய மலைக்கிடாவ ஒரே குண்டுல சாச்சவனாச்சே நீ. அதுவும் கழுத்துல.

— அத விடுங்க.

— ஏன் விடணும்? குதிரை மேல போட்டு இறக்கிட்டு வந்தே. நான் எதிர்ப்பட்டு ‘ஷிரல்கா, என் பங்கு’ன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள ஒரு பின்தொடைய அறுத்து என் கையில கொடுத்தே.

— வேட்டையாடி வர்றவன் எதிர்ல வர்றவனுக்குப் பங்கு கொடுக்காமப் போக முடியுமா? கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்கப் பேரு வந்துச்சு. அண்ணே, வெக்கமா இருக்கு. தலைய நிமிர்த்த முடியல.

— குறி தப்பினா பழகிக்கலாம். அதுக்கா இப்படி?

— அந்தக் கிடாவ நான் கொல்லல.

— என்ன சொல்ற?

— பனிச்சரிவுக்குக் கீழ வெறச்சுக் கிடந்துச்சு. கொம்பப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. பக்கத்துல நின்னு கழுத்துல ஒரு குண்டு போட்டேன். செத்ததச் சுட்டேன், அண்ணே. அப்பவும் கண்ண மூடிக்கிட்டேன்.

— அப்படியா சேதி.

— திட்டுங்களேன். ரெண்டு அறையாவது விடுங்க.

— நான் திட்டக் கூடாது.

— அப்போ இந்தத் துப்பாக்கிய நீங்க எடுத்துக்கோங்க. முட்டி வலின்னு வேட்டைய விட்டுட்டீங்க, சரி. குதிரையில கூட்டிட்டுப் போய் நானே கைப்பிடிச்சு இறக்கி விடறேன். படுத்தபடியே சுடுங்க. உங்கள விட்டா இந்த மலையில வேற யாரு இருக்கா?

— கைய நீட்டு.

— என்ன இது? நசுங்கின குண்டா?

— ஒரு வருஷமா என் சட்டைப்பையிலதான் கிடக்கு. நீ கொடுத்த தொடைய என் வீட்டுக்காரி அறுக்கறப்ப கத்தியில தட்டுப்பட்டுச்சு.

— தொடையிலயா? நான் கழுத்துலதானே...

— அது என் துப்பாக்கியோடது. நீ கிடாவக் கண்டெடுக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி நான் சுட்டது. தொடையில பட்டு ஓடுச்சு. பனியில ரத்தத்தடம் தெளிவா இருந்துச்சு, கண்ணில்லாதவன்கூடப் பின்னாலயே போயிருப்பான். குளிருது, வீட்டுக்குப் போனா சூடா சூப் இருக்கும்னு நான் திரும்பிட்டேன். நாலு நாளாக் கால இழுத்து நடந்திருக்கு, பாவம். பனி சரிஞ்சு வந்தப்போ ஓட முடியல.

— தெரிஞ்சும் ஊர்ல என்னத் தூக்கி வச்சுப் பேசினீங்களே?

— நீதான் சுட்டேன்னு ஊரு நம்புனா, காயம்பட்டத ஏன் அப்படியே விட்டேன்னு என்ன யாரும் கேக்க மாட்டாங்க. நாளைக்கு மேய்ச்சல் மலைக்கு ரெண்டு பேருமே போய்ச் சொல்லிடணும், வேற வழியில்ல.

— அந்த மேட்டுல எப்படி ஏறுவீங்க அண்ணே, அந்த முட்டிய வச்சுக்கிட்டு?

— முட்டிக்கு என்னிக்குமே ஒண்ணுமில்ல, சகலை.