வண்டி மாட்டுக்குப் பூச்சி மருந்து

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில், என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்:

"வண்டி மாட்டுக்குப் பூச்சி மருந்து குடுத்துட்டேன்னு போன்ல சொன்னேன்க்கா. எங்க வீட்டுக்காரரு அலறிட்டாரு."

"அடிப்பாவி! பூச்சி மருந்தா?"

"வயித்துப் பூச்சிக்குக்கா! மருந்துக் கம்பெனிக்காரங்க ஊர்ல முகாம் போட்டு, வண்டி மாட்டுக்கெல்லாம் ஃப்ரீயா ஊத்தினாங்க. இவரு வயலுக்கு அடிக்கிறதுன்னு நெனச்சுட்டாரு. கிரிவலம் போறவராட்டம் வெறுங்காலோட நெல்லு மண்டியிலேருந்து ஓடியாந்தாரு. மாடு பாட்டுக்கு அசை போட்டுட்டு நிக்குது, இவரு மயங்கி விழுந்துட்டாரு. முகாமுக்கு வந்த மாட்டு டாக்டருதான் தண்ணி தெளிச்சாரு!"

பேருந்தே சிரித்தது.

"மாட்டுக்கே இப்படின்னா, உனக்கு ஒண்ணுன்னா எப்படி ஓடியாருவாரு!"

"போன வாரம் எனக்குக் காய்ச்சல்னு போன் பண்ணேன்க்கா. 'அப்போ மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?'ன்னாரு."