மழைமணி பத்தி வந்த செய்தி

தண்ணியெல்லாம் வேணாண்ணே, நீங்க குடிங்க. நான் சண்டை போட வரல. கோபம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க பேப்பர்ல ஒரு திருத்தம் போடுறேன்னு நீங்க வாயால சொல்லாம நான் எந்திரிக்கப் போறதில்ல.

ஆமா, மழைமணி ஆளுதான். தினேஸ்வரி. ஜெலாப்பாங்ல ஃபேக்டரி வேலை. மழைமணிக்குச் சம்பளமெல்லாம் கிடையாது லா, கம்பெனியும் இல்ல. வேலை விட்டு வந்து ஆளுக்குக் கொஞ்சம் ப்ரோக்ராம் எழுதுறோம். பாதிப் பேரு மொகத்தைக்கூட நான் பாத்ததில்ல. அடிவாரத்து சிம்பாங் பூலாய்லேருந்து மலை மேல வரைக்கும் பள்ளிக்கூடத்துக் கூரை, ரோட்டோர ஒட்டுக்கடைக் கூரைன்னு மழை அளக்குற டப்பா வச்சிருக்கோம். மழை அளவு மீறுச்சுன்னா, மலை ரோட்டுல ஓட்டுறவங்க போன்ல மணி அடிக்கும். மண்ணு சரியலாம், மேல ஏறாதீங்கன்னு அர்த்தம்.

சும்மா சும்மா அடிச்ச அந்த மணி எங்களுது இல்லண்ணே, அதைத்தானே சொல்ல வாரேன். நாங்க எழுதுற ப்ரோக்ராம் தொறந்தே கிடக்கும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம். எவனோ அதை அப்படியே எடுத்து, நடுவுல விளம்பரத்தைச் சொருகி, மழைமணின்னு அதே பேர்ல விட்டுட்டான். அது தூறலுக்கெல்லாம் அடிக்குது. பள்ளி லீவு நேரம், மலைக்குப் போனவங்க பாதியில திரும்பிட்டாங்க. நீங்க என்ன எழுதுனீங்க? ஈப்போ மழைமணி பொய் மணின்னு எழுதுனீங்க. கூடவே எங்க வீட்டுக் கூரை டப்பா படம்.

நம்பர் கெடைக்கலன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. எங்க பேஜ்லயே இருக்கு. வீட்டு வாசல்ல நின்னு படம் எடுக்கத் தெரிஞ்சவருக்குக் கதவைத் தட்டத் தெரியலையா?

மறுப்பா? ஏன் எழுதல, எழுதுனோம். எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ப்ரோக்ராம்ல ஒரு வரி மாத்துனாலும் எல்லாரும் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும். மறுப்பையும் அதே மாதிரி வச்சோம். பினாங்குல கீத்துன்னு ஒருத்தன், காரமா எழுதிக் கொண்டாந்தான். தாப்பா பெட்ரீசியா டீச்சர், பேப்பர்காரங்களைப் பகைச்சுக்கக் கூடாதுன்னு பாதியை வெட்டுனாங்க. காப்பியடிச்சவனைத் திட்டலாமா, எடுத்துக்கன்னு நாமதானே சொன்னோம்னு அது ஒரு சண்டை. இப்படியே ஒரு வாரம் இழுத்துருச்சு. கடைசியில வந்தது ரொம்ப அழகான மறுப்புண்ணே, யாரு மனசும் நோகாது. எங்க பேஜ்ல போட்டோம், உங்களுக்கும் அனுப்புனோம். பேஜை யாரு பாக்குறா? எங்களை நம்புறவங்கதான் பாப்பாங்க. லோரி ஓட்டுறவங்க ஒட்டுக்கடையில பசியாறிக்கிட்டே உங்க பேப்பரைத்தானே படிக்கிறாங்க.

ம். மலை ரோட்டுல மண்ணு சரிஞ்ச செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு எங்க மணி சரியாத்தான் அடிச்சுச்சு. மண்ணு சரியுறதுக்கு ரொம்ப முன்னாடியே அடிச்சுச்சு.

படிச்சேண்ணே, ரெண்டாவது செய்தியையும் படிச்சேன். மழைமணி முன்கூட்டியே எச்சரித்ததுன்னு பாராட்டித்தான் போட்டிருக்கீங்க. கீத்து அதைப் படம் புடிச்சு குரூப்ல போட்டான், நம்ம கெட்ட பேரு போச்சுன்னு. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் அதைப் பாத்துட்டு போனைக் கவுத்து வச்சுட்டேன்.

இல்ல இல்ல, மொத செய்தியைத் திருத்த வேணாம். அதுக்கு இப்ப என்ன அவசரம்? எழுதுறதுன்னா எழுதுங்க, எழுதாட்டி போங்க. நான் வந்தது ரெண்டாவதுக்கு. அதுல ஒரு வரி இருக்கு பாருங்க, எச்சரிக்கையை அலட்சியம் செய்த லோரி ஓட்டுநர் பலின்னு. அதைத் திருத்துங்க.

அவன் அலட்சியம் பண்ணலண்ணே. அவன் போன்ல மணி அடிக்கவே இல்ல. உங்க மொத செய்தியைப் படிச்ச அன்னிக்கே போன்லேருந்து மழைமணியை அழிச்சுட்டான். கடையிலேருந்தே போன் போட்டு ஒரே சிரிப்பு, ஒன் மணி பொய்யாம் லா அக்கா, பேப்பர்லயே போட்டுட்டான்னு. எங்க மறுப்பு வரும், அதைப் படிச்சுட்டு மறுபடி போட்டுக்கடான்னேன். வந்ததும் அனுப்புனேன். நீளமா இருக்கு லா, அப்புறம் படிக்கிறேன்னான்.

ஆமாண்ணே, எந்தம்பிதான். தர்மேந்திரன், வயசு இருபத்தொம்பது. அது ரெண்டையும் மட்டும் சரியாப் போட்டிருக்கீங்க.