ஒரே ஈத்துக் குட்டிகள்

முத்தியால்பேட்டையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவளின் கையில் கட்டு. நாய்க்கடி ஊசிக்காகக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

“வளத்த கையவே கடிச்சிருச்சே! அந்த ஜாதியே அப்படித்தான்க்கா.”

“ஜாதி என்னடி ஜாதி? உன் வூட்ல இருக்கறதும் அதே தாய் போட்ட அதே ஈத்துக் குட்டிதான். அது யாரையாவது கடிச்சிருக்கா?”

“அது பூனையாட்டம் கெடக்கும்.”

“நீ அடிச்சு வளக்கல. எங்க வூட்டுக்காரரு, காவலுக்கு ரோஷம் வரணும்னு பெல்ட்டால அடிச்சே வளத்தாரு.”

“அப்ப அவரத்தானக்கா கடிக்கணும்?”

“அவரக் கண்டா வால மடக்கிக்கிட்டு மூலையில ஒண்டிக்கும். சோறு வெக்கிற என்னத்தான் கடிக்குது.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. மூத்தவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எம் பையனையும் அதே பெல்ட்டாலதான் வளத்தாரு. வர்ற தையில அவனுக்குக் கல்யாணம்.”